தராசு ஐயாவும் தைத்த பைகளும்

தராசு ஐயாவிடம் தராசு கிடையாது. நம் கைதான் தராசாம். இடக்கையில் மாத்திரையை மூடிப் பிடித்துக்கொண்டு வலக்கையைத் தோளுக்கு நேராக நீட்ட வேண்டும். ஐயா இரண்டு விரலால் அந்தக் கையை அழுத்துவார். கை தாழ்ந்தால் மாத்திரை விஷம். தாழாமல் நின்றால் அமுதம். வருடக்கணக்கில் படித்து, இரத்தம் எடுத்துப் பார்த்து மருந்து எழுதுகிற டாக்டர்கள் எல்லாம் இந்த இரண்டு விரல் வித்தை தெரியாமல் வீணாய்ப் போனவர்கள்.

மருந்துக்கடை மாத்திரை எதற்கும் இதுவரை கை நின்றதில்லை. ஐயா விற்கும் சாந்தி உருண்டைக்குக் கை தாழ்ந்ததும் இல்லை. இதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. டயர் கடைக்கு மேலே அவர் கூட்டம் நடத்திய வாடகைக் கூடத்தில் மூச்சுவிடவே இடமில்லை, யோசிக்க எங்கே இடம்? வாசலில் ஒரு நீலப் பீப்பாய் இருந்தது. விஷம் என்று தீர்ப்பான மாத்திரையை அதில் போட வேண்டும். போட்டதும் கூடமே கைதட்டும்.

தையல்காரியை அங்கே இழுத்து வந்தவள் அவளுடைய அக்கா. இந்த ஐயாவுக்கு முன்னால் அக்காவுக்கு வேறு சில ஐயாக்கள் இருந்தார்கள். ஒருவர் வாய்த்தால் முந்தையவரை மறந்துவிடுவாள். வெள்ளை மனசு.

தையல்காரி சில வருடங்களாக மனநிலையைச் சீராக வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாள். அதற்கு முன்பு ஒரு சமயம் தூக்கம் போயிற்று. தூக்கம் வேண்டும் என்ற நினைப்பும் போயிற்று. வாடிக்கைக்காரர்கள் கொடுத்த துணியையெல்லாம் வெட்டி, ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே சட்டை தைக்கத் தொடங்கினாள். கைகளே இருபதுக்கு மேல் வைத்துவிட்டாள். அந்த நேரத்தில் அவளைவிடச் சந்தோஷமான பிறவி உலகத்தில் இல்லை. சந்தோஷம் வடிந்ததும் மொட்டைமாடி விளிம்புக்குப் போனாள். பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தவள் இதே அக்காதான். மாத்திரை வந்த பிறகு தூக்கம் வந்தது. ஒரு சட்டைக்கு இரண்டு கை போதும் என்கிற தெளிவும் வந்தது.

ஆனால் அந்த மாத்திரை ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டது. வாய் வறண்டது. காலையில் தலை ஈரத்துணி மூட்டையாகக் கனத்தது. ஐயாவிடம் வருவதற்கு முந்தின மாதம் அப்பா செத்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எல்லோரும் அழ, இவள் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

“பெத்த அப்பாவுக்கே அழலியேடி நீ! அந்த மாத்திரை உன்னைக் கல்லாக்கிடுச்சு” என்றாள் அக்கா. “ஒரு தடவை ஐயாகிட்ட வா.”

வந்தாள். ஐயா சொல்வது உண்மையாக இருந்தால் தேவலை என்றுகூட நினைத்தாள். கையை நீட்டினாள். தாழ்ந்தது.

“உன் கண்ணீரைக் குடிச்ச விஷம்மா இது” என்றார் ஐயா. “பீப்பாயில போடு. இன்னையிலிருந்து உருண்டை.”

“நிறுத்தினா ஒண்ணும் ஆகாதாங்க?”

“என்ன ஆகும்? நம்ம தபால்காரரைப் பாரு. அவரும் உன்னை மாதிரிதான். போன வாரம்தான் போட்டாரு.”

முன்வரிசையில் இருந்த தபால்காரர் துள்ளி எழுந்தார். “எனக்குத் தூக்கமே வேண்டாம்னு ஆயிடுச்சு! ஜனங்க கடிதம் எழுதறதுக்கு முன்னாடியே கொண்டுபோய்க் குடுக்கிற திட்டம் ஒண்ணு போட்டிருக்கேன்! நாலு நாட்டு ராஜாங்கத்துக்கு எழுதிட்டேன்!”

கூடம் கைதட்டியது. அவர் மனைவி மட்டும் தட்டவில்லை. அவருடைய சட்டை நுனியைப் பிடித்து, “உக்காருங்க, கொஞ்சம் உக்காருங்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

தையல்காரியும் தட்டவில்லை. தபால்காரர் கண்ணில் இருந்த அந்தப் பளபளப்பை அவளுக்குத் தெரியும். ஊர்ச் சட்டை தைத்த நாட்களில் கண்ணாடியில் பார்த்தது. நோய் திரும்பி வந்து நிற்கிறது, இவர்கள் அதற்கு மாலை போடாத குறை!

“ஐயா, ஒரு சின்ன சந்தேகம்” என்றாள். “உள்ள இருக்கிறது என்னன்னு கண்ணால பாத்தாத்தான் கைக்குத் தெரியுமா?”

“கைக்கு எதுக்கும்மா கண்ணு? பூட்டின டப்பாவுக்குள்ள வெச்சாலும் தெரியும்!”

“அப்ப நாளைக்கு வந்து போடறேங்க.”

அந்தப் பேச்சை அளவெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஆறு சின்னப் பைகளோடு வந்தாள். எல்லாம் ஒரே கறுப்புத் துணி, உள்ளே பஞ்சு, நாலு பக்கமும் தையல். மூன்றில் அவளுடைய மாத்திரை. மூன்றில் அக்கா வாங்கி வைத்திருந்த ஐயாவின் உருண்டை.

“எதுல எது இருக்குன்னு எனக்கே தெரியாதுங்க. அக்காதான் கண்ணை மூடிக் குலுக்கினா. நீங்க நிறுத்துச் சொல்லுங்க. அதுப்படி செய்யறேன்.”

கூட்டத்துக்குக் குஷி. ஐயாவுக்கு அவ்வளவு இல்லை. “நம்பிக்கை இல்லாதவங்க கையில இது வேலை செய்யாதும்மா.”

“எனக்கு நம்பிக்கை இருக்குங்கய்யா!” அக்கா முன்னால் வந்து கையை நீட்டினாள். “என் கையை அழுத்துங்க!”

தப்ப வழியில்லை. ஐயா முதல் பையைப் பார்த்தார். தையல்காரியின் முகத்தைப் பார்த்தார். அது எப்போதும்போல் சலனமில்லாமல் இருந்தது, மாத்திரையின் உபயம். அழுத்தினார். கை தாழ்ந்தது.

“விஷம்! கல்லீரலை அரிக்கிற விஷம்!”

கத்தரிக்கோலால் பிரித்தாள். சாந்தி உருண்டை.

அடுத்த பைக்குக் கை நின்றது. “அமுதம்” என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. பிரித்தால் மாத்திரை. ஆறில் மூன்று சரி, மூன்று தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் கிடைத்திருக்கும். காசு உருண்டை விற்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்கய்யா, விஷம்னு சொல்றப்ப மணிக்கட்டுல அழுத்தறீங்க. அமுதம்னா முழங்கைகிட்ட அழுத்தறீங்க. அங்க அழுத்தினா எப்படிக் கை தாழும்?”

“கறுப்புத் துணி சக்தியைத் தடுக்குதும்மா.”

“பூட்டின டப்பாவுக்குள்ள இருந்தாலும் தெரியும்னீங்களே!” தபால்காரர் மனைவி எழுந்துவிட்டாள். “ஒரு வாரமா என் வீட்டுக்காரர் கண்ணை மூடல. நீங்க கைதட்டினீங்க!”

அவள் நேரே வாசலுக்குப் போய்ப் பீப்பாயைக் கவிழ்த்தாள். உட்கார்ந்து கணவனின் மாத்திரையைத் தேடினாள். தையல்காரி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதைத் தேட வேண்டாம். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். இப்பவே.”

மூன்று பெண்களுமாக அவரை வண்டியில் ஏற்றினார்கள். வழியெல்லாம் அவர் ராஜாங்கத்துக்குப் பதில் எழுதிக்கொண்டு வந்தார். நல்லவேளை, மாடி விளிம்பு வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்துவிட்டது.

போன இடத்தில் தையல்காரி தன் டாக்டரையும் பார்த்தாள். “எனக்கு அழுகையே வரலீங்க.”

“இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“நீங்க கேக்கலீங்களே.”

டாக்டர் பேனாவை எடுத்து அதை அவள் சீட்டில் குறித்துக்கொண்டார். அவருக்கும் ஒரு குட்டு தேவையாகத்தான் இருந்தது. “நீயா நிறுத்திடாதே. ரத்தம் பாத்துட்டு அளவைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பாப்போம். தூக்கம் குறைஞ்சா அன்னைக்கே வரணும்” என்றார். இதுவும் நிறுப்பதுதான். என்ன, கைதட்டத்தான் ஆளில்லை.

கண்ணீர் இன்னும் வரவில்லை. தூக்கம் வருகிறது. தராசு ஐயா ஊரை விட்டுப் போய்விட்டார். பக்கத்து ஊரில் கூட்டம் அமோகமாம்.

போன வாரம் அக்கா ஓடி வந்தாள். “அடுத்த தெருவுல ஒருத்தர் வந்திருக்காராம்டி! காதைப் பாத்தே எல்லாத்தையும் சொல்லிடறாராம்!”

தையல்காரி மிச்சமிருந்த கறுப்புத் துணியை மடித்து அவள் கையில் கொடுத்தாள். “போயிட்டு வாக்கா. அவர் பாக்கறதுக்கு முன்னாடி காதை இதால மூடிக்க.”

கையை நீட்டச் சொன்னால் நீட்டுங்கள், காதைக் காட்டச் சொன்னால் காட்டுங்கள், போனால் போகிறது. தலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்காக யோசிக்க உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.