வழுக்குத் துணியில் என் மாமனார்

செவிலியர்களுக்குத் தராசு தேவையில்லை. நோயாளி வார்டுக்குள் வரும்போதே, இவரைப் புரட்டினால் எங்களுக்குப் போகப்போவது இடுப்பா தோள்பட்டையா என்று சொல்லிவிடுவோம். திண்டுக்கல்லில் என்னோடு வேலை பார்த்த ஜெசிந்தா அக்காவுக்கு இரண்டுமே போயிருந்தன. இடுப்பில் பெல்ட்டோடுதான் டியூட்டிக்கு வருவார். ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "முடியலடி. இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்" என்றுவிட்டார். அவர் இல்லாத வார்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் மதுரையில் ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்கே வழுக்குத் துணியைக் காட்டினார்கள். வழவழப்பான துணி, இரண்டாக மடித்து நோயாளிக்கு அடியில் விரிக்க வேண்டும். பிறகு தூக்கவே வேண்டாம், மெல்ல இழுத்தால் போதும். ஆகா! திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. (பக்கத்து சீட்டுப் பெண்மணிக்கும் விளக்கினேன். வாடிப்பட்டி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.)

பெரிய டாக்டரிடம் ஓடினேன். "செஞ்சு காட்டுங்க. சரியா வந்தா எல்லா வார்டுக்கும் வாங்கிடலாம்" என்றார். நிஜ நோயாளியிடம் சோதிக்க மனம் வரவில்லை. செம்பட்டியிலிருந்து என் மாமனாரை வரவழைத்தேன். நல்ல தாட்டியான ஆள்.

"மாமா, செத்த நேரம் நோயாளியாப் படுத்திருந்தாப் போதும்."

"படுக்கத்தானத்தா? அதுக்கு என்னைய விட்டா ஆளு ஏது?"

படுத்தார். முனகவும் செய்தார். (நான் முனகச் சொல்லவில்லை.) துணியின் ஒரு ஓரம் என் கையில், மறு ஓரம் அக்கா கையில். கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் டாக்டர் கைகட்டி நின்றார். "மெதுவா இழுங்கக்கா, மெதுவா" என்று அவருக்குப் பாடம் எடுத்துவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொன்னேன். சொன்ன நானே, தினமும் ஆள் தூக்கும் பழக்கத்தில் தம் கட்டி இழுத்துத் தொலைத்தேன்.

மாமா பறந்தார். தலையணை மட்டும் இல்லையென்றால் மண்டை தலைமாட்டுக் கம்பியில் மோதியிருக்கும். கட்டில் சக்கரங்களுக்கு பிரேக் போட மறந்திருந்தேன். கட்டில் மாமாவோடு கிளம்பிப் போய் டாக்டரை முட்டியது. அவர் பின்னாலிருந்த வீல்சேரில் பொத்தென்று உட்கார்ந்தார்.

செத்தேன் என்று நினைத்தேன். என் வேலை போனால் போகட்டும், அக்கா போய்விடுவாரே!

மாமா கண்ணைத் திறந்தார். "என்னத்தா, அதுக்குள்ள ஊரு வந்துருச்சா?"

அக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏடி, இடுப்புல சுருக்குன்னு ஒரு வலி வரலடி!" என்று கத்தினார்.

டாக்டர் வீல்சேரில் இருந்தபடியே சொன்னார்: "இன்னொரு தடவை. இந்த முறை பிரேக் போட்டுட்டு."

இரண்டாம் முறை மாமா வெண்ணெய் போல நகர்ந்தார். துணி எல்லா வார்டுக்கும் வந்தது. மாசம் முடிந்தது, அக்கா போகவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மாமாதான் இன்னும் விடுவதாக இல்லை. செம்பட்டியில் பஸ் வரத் தாமதமானால் உடனே எனக்குப் போன் வரும்: "ஏத்தா, அந்தத் துணியக் கொண்டாந்து விரி. திண்டுக்கல்லுக்கு ஒரே இழுப்பா இழுத்துரு."