அக்னி மூலையில் ஒரு பேரல்

படித்த படிப்பை மாமனாரிடம் காட்டவே கூடாது. அதுவும் நிச்சயம் முடிந்து, கல்யாணம் முடியாத நாட்களில் கண்டிப்பாகக் கூடாது.

தொழிற்சாலையில் எந்த இடத்தில் பொறி பட்டால் வெடிக்கும் என்று அளந்து வரைபடம் போடுவது என் வேலை. எரியும் ஆவி எந்நேரமும் தங்கியிருந்தால் அது ஜோன் ஜீரோ. அவ்வப்போது வந்து போனால் ஜோன் ஒன்று. தப்பித் தவறி வந்தால் ஜோன் இரண்டு. பெருந்துறையில் என் வருங்கால மாமனார் தொடங்கிய பெயின்ட் தின்னர் கம்பெனிக்கும் நானே வரைந்து கொடுத்தேன். (யாரும் கேட்கவில்லை. பந்தா.)

கிடங்கை வாஸ்துப்படி அக்னி மூலையில் கட்டியிருந்தார். திறப்பு விழா ஹோமமும் அங்கேதான் என்றார். வரைபடத்தில் அந்த மூலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினேன்.

"அக்னி மூலைய உட்டுப்போட்டு ஹோமத்த வேற எங்கீங்க மாப்ள வெக்கறது?"

எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. சரக்கு இன்னும் வரவில்லை, காலிக் கிடங்கில் என்ன வெடித்துவிடப் போகிறது என்று பெரிய மனது பண்ணி அனுமதித்தேன்.

ஹோமம் எரியத் தொடங்கிய பிறகுதான் வாடை மூக்கில் ஏறியது. திரும்பினேன். நல்ல நாளில் கிடங்கு வெறுமையாக இருக்கக்கூடாதென்று மாமனார் ஒரு பேரல் தின்னரை வரவழைத்து, மூடியைத் திறந்து, பட்டையும் பொட்டும் இட்டு, வாயில் மாவிலை சொருகி, நிறைகுடமாக நிறுத்தியிருந்தார். ஜோன் ஜீரோவுக்குக் குங்குமம் வைத்து அன்றுதான் பார்த்தேன்.

கலசத்தைத் தூக்கினேன். தேங்காய் உருண்டு ஓட, தண்ணீரை அக்கினியின் தலையில் கவிழ்த்தேன். போதாதென்று மாமியார் கையிலிருந்த பால் செம்பையும் பிடுங்கி ஊற்றினேன். ஒரே புகை.

"அக்கினிய அணைச்ச கையிலயாங்க புள்ளைக்குத் தாலி கட்டறது?" என்றார் பெண்ணின் பெரியம்மா.

கல்யாணம் போச்சு. விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. அழுகையும் வந்தது, புகை என்று சமாளித்தேன். கட்டிக்கொள்ளப் போகிற கவிதாதான் போய், மாவிலையைப் பிடுங்கிப் போட்டுப் பேரலைத் திருகி மூடினாள்.

"இவர் அணைக்கலைன்னா தாலி கட்டறதுக்கு நானே இருந்திருக்க மாட்டனுங்க பெரீம்மா" என்றாள்.

கல்யாணம் நடந்தது. ஆனால் மானம் திரும்பவில்லை. போன வருடம் கோவையில் நாங்கள் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசம். கணபதி ஹோமத்துக்கு முன் மாமனார் என்னை வாசல் கேட்டுக்கு வெளியே கூட்டிப்போய், தூரத்தைக் காலால் அளந்து நிறுத்தினார்.

"நீங்க நிக்கற எடந்தானுங்க மாப்ள எங்களுக்கு ஜோன் ஜீரோ. பக்கத்துல நெருப்பு ஆகாதுங்க."

என் வீட்டுக் கிரகப்பிரவேசத்தை நான் வீடியோவில்தான் பார்த்தேன்.