அல் ஐனில் நான் ஊதிய கண்ணாடி

எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு வேலையைப் பத்து நிமிஷம் வேடிக்கை பார்த்தால் போதும், இது நமக்கு வந்துவிட்டது என்று மனசு சொல்லிவிடும். இப்படித்தான் வீட்டு ஏசியை நானே சர்வீஸ் செய்தேன் (அந்தக் கோடை முழுக்க ஃபேன் காற்றில் தூங்கினோம்). இப்படித்தான் மனைவிக்கு முடி வெட்டிவிட்டேன் (அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்). ஆனால் நூற்றைம்பது பேர் சாப்பாட்டில் கண்ணாடியைக் கலந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதையும் சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

அப்போது ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. கண்காட்சிகளுக்கு மேடை, லைட், கூடாரம் எல்லாம் போட்டுக்கொடுப்போம். அதில் நான் யார் தெரியுமா? சேஃப்டி ஆபீசர். யாருக்கும் எதுவும் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. சம்பளமே அதற்குத்தான்.

அந்த ஜனவரியில் அல் ஐனில் ஒரு ஹோட்டலில் எஸ்டோனியக் கண்ணாடிக் கலைக் கண்காட்சி. எஸ்டோனியா என்றொரு நாடு இருப்பதே எனக்கு அந்த வேலைக்கான கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். ஐரோப்பாவின் வடக்கே, பால்டிக் கடலோரம், காடு நிறைந்த சின்ன நாடு. அங்கிருந்து லீஸ் என்ற பெண்மணி வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடி ஊதுவதில் பெரிய கை. ஆனால் பேச்சு மட்டும் ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்தைதான். அதற்கு மேல் ஓவர்டைம் போல யோசித்துத்தான் பேசுவார்.

பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு சாமானாகச் சரிபார்த்து எழுதும் பொறுப்பும் என்னுடையது. பிரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குடுவை, கிண்ணம், குப்பி எல்லாம் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை. போதாக்குறைக்கு உள்ளே முழுக்கக் குமிழி. நான் கடமை தவறாதவன். ரிசீவிங் ஃபாரத்தில் வரிசையாக எழுதினேன்: ‘டேமேஜ், உள்ளே காற்று’. ‘டேமேஜ், உள்ளே காற்று’. பதினான்கு சாமானுக்கும் அதே வரி. கொண்டுபோய் லீஸிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

அவர் பொறுமையாகப் படித்தார். அன்றைய பத்து வார்த்தைக் கணக்கைத் தாண்டி, நாலு நாளைக்கு உண்டானதைச் சேர்த்துப் பேசினார்.

“எங்கள் ஊரில் சில நூறு வருஷத்துக்கு முன்னால், காட்டுக்குள்ளேயே உலை கட்டிக் கண்ணாடி செய்தார்கள். மரத்தை எரித்து, அந்தச் சாம்பலையும் மணலையும் சேர்த்து உருக்குவார்கள். மணலில் இரும்பு இருக்கும். அதனால்தான் பச்சை. விறகு நெருப்புக்குச் சூடு போதாது. அதனால்தான் குமிழி. சுற்றியிருக்கும் மரம் தீர்ந்துவிட்டால் உலையைக் கட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் காலத்து ஆட்கள் குமிழி வரக்கூடாது என்று பாடுபட்டார்கள். நான் வரவேண்டும் என்று பாடுபடுகிறேன்.”

சொல்லிவிட்டு ஃபாரத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ‘டேமேஜ்’ என்பதை அடிக்கக்கூட இல்லை. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அன்றைக்குச் சுடவில்லை. ‘பரவாயில்லை, கண்ணாடித் தொழிலும் இப்போது நமக்குத் தெரியும்’ என்றுதான் தோன்றியது.

திறப்பு விழா அன்று சாயங்காலம் ஹோட்டல் புல்வெளியில் உலை வைத்து, எல்லோர் கண்முன்னாலும் லீஸ் ஒரு பெரிய குடுவை ஊதிக் காட்டுவதாக ஏற்பாடு. அவர் ஊருக்கு எதிரே ஹீயுமா என்று ஒரு தீவு. அந்நாட்டின் பழைய கண்ணாடி உலை அங்கேதான் இருந்ததாம். அந்தத் தீவின் மணலைக் கலந்து உருக்கிய பச்சைக் கண்ணாடிக் கட்டிகளைக் கூடவே கொண்டுவந்திருந்தார். ஒரே ஒரு பெரிய குடுவைக்குத்தான் காணும். அதை விழாவுக்கு அழைத்திருந்த உள்ளூர் எமிராத்திப் பெரியவர் ஒருவருக்குப் பரிசாகக் கொடுப்பதாகப் பேச்சு.

அவ்வளவு பெரிய குடுவை ஊத இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உட்கார்ந்து, நுனியில் உருகிய கண்ணாடி ஒட்டிய இரும்புக் குழலை உருட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் மறுமுனையில் வாய் வைத்து ஊதவேண்டும். லீஸின் உதவியாளர் காய்ச்சல் என்று ஊரிலேயே நின்றுவிட்டார். எங்கள் ஆட்களில் யாராவது உதவ முடியுமா என்று கேட்டார். முன்வந்தவர் தேவராஜ் அண்ணன். ராமநாதபுரத்துக்காரர், எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். இரண்டு நாள் வெறும் சாதாக் கண்ணாடியில் பழகினார். குழந்தை தூக்கத்தில் மூச்சு விடுவது போல ஊதுவார். லீஸ் அவரைப் பார்த்து, “மோசமில்லை” என்றார். அந்த ஊரில் அதுதான் உச்சகட்டப் பாராட்டு என்று பிறகு தெரிந்தது.

விழா நாள் மத்தியானம் காலித் பாய் வந்து சேர்ந்தார். ஹைதராபாத்காரர், கேட்டரிங் அவருடையது. உலையிலிருந்து ரொம்பத் தள்ளி, பேரீச்ச மரங்களுக்குப் பின்னால் மேசைகளைப் போட்டார். போய்ப் பார்த்தேன். சூடுபெட்டிகளுக்கான வயர் புல்வெளி முழுக்க நீண்டு கிடந்தது.

“பாய், யாராவது தடுக்கி விழுவாங்க. மேசையை முன்னாடி கொண்டாங்க.”

“அரே பாய், பக்கத்துல உலை இருக்கு. தூசி கீசி பறக்காதா?”

நான் விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கி, ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கினேன். “காத்து அந்தப் பக்கம் அடிக்குது. நான் கேரண்டி.”

மேசைகள் முன்னால் வந்தன. சாயங்காலம் ஆனால் அந்த ஊரில் காற்று திரும்பும் என்பது காலித் பாய்க்குத் தெரியும், தோட்டக்காரருக்குத் தெரியும், அநேகமாக அங்கிருந்த பூனைக்கும் தெரியும். கேரண்டி கொடுத்தவனிடம் யார் வாக்குவாதம் செய்வார்கள்?

என் மனைவி சுமதியையும் மகள் நித்யாவையும் ஷார்ஜாவிலிருந்து வரவழைத்திருந்தேன். நித்யாவுக்கு அப்போது பதினாறு. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் “மஞ்சள் டேப் கட்டுவார்” என்று சொல்லும் வயசு. விழா தொடங்கியது. உலையைச் சுற்றி நான் கட்டிய மஞ்சள் டேப்புக்கு அப்பால் தூதரக ஆட்கள், கந்தூரா என்ற நீள வெள்ளை அங்கி அணிந்த பெரியவர்கள், கேமராக்கள். தேவராஜ் அண்ணன் முகம் கழுவி, தலை சீவி, புதுச் சட்டையில் தயாராக நின்றார்.

டேப்புக்குப் பின்னால் நித்யா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நொடியில்தான் சனி என் தோளில் உட்கார்ந்தது. நேராக தேவராஜ் அண்ணனிடம் போனேன்.

“அண்ணே, உங்க சேஃப்டி ட்ரெய்னிங் கார்டு போன மாசமே எக்ஸ்பைர் ஆயிருச்சு. நெருப்புப் பக்கம் நீங்க நிக்கக் கூடாது.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப ரெண்டு நாளா நின்னேனேப்பா?”

“அது பிராக்டிஸ். இது லைவ்.”

“சரி, யாரு ஊதப் போறது?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அண்ணன் விலகி நின்றார். (அவர் கார்டு எக்ஸ்பைர் ஆனது உண்மைதான். என்னுடையதும் ஆகியிருந்தது.)

லீஸ் உலையிலிருந்து குழலை எடுத்தார். நுனியில் தேன் போலச் சிவந்து தொங்கியது கண்ணாடி. உருட்டினார், திரும்பச் சூடாக்கினார், உருட்டினார். பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்தவர், எதிர்முனையில் என்னைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். கையிலிருப்பது ஆறிவிடும், விசாரிக்க நேரமில்லை.

“சின்னதாக,” என்றார். “சூப்பை ஆற்றுவது போல.”

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். காலேஜ் நாளில் நான் கபடி ஆடியவன். பாடிக்கொண்டு போனால் மூச்சு விடாமல் எதிர் அணியில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு, வழியில் ரெஃபரியிடம் நலம் விசாரித்துவிட்டுத் திரும்புவேன். அந்த மூச்சு எனக்குள் இருபத்தைந்து வருஷமாக வேலையில்லாமல் கிடந்தது.

முதலில் சின்னதாகத்தான் ஊதினேன். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் அழுத்தி ஊதினேன். எலுமிச்சை அளவுக்கு ஒரு குமிழி எழுந்தது. கூட்டம் “ஓ” என்றது. ஓரக்கண்ணால் பார்த்தேன். நித்யா போனை என் பக்கம் திருப்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

மொத்தத்தையும் இறக்கினேன்.

எலுமிச்சை தேங்காயானது. தேங்காய் பூசணிக்காயானது. லீஸ் எஸ்டோனிய மொழியில் ஏதோ கத்தினார். (மொழி தெரியாவிட்டாலும் ‘நிறுத்து’ என்பது எல்லா மொழியிலும் புரியும். எனக்குப் புரிந்தது. மூச்சுக்குப் புரியவில்லை.) பூசணிக்காய் பலாப்பழமானபோது அதன் சுவர் சோப்புக் குமிழியைவிட மெலிந்து, வானவில் நிறமெல்லாம் காட்டியது. பிறகு சத்தமே இல்லாமல் உடைந்தது.

அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. ஊதிப் பெருத்த கண்ணாடி உடைந்தால் துண்டாக விழாது. காக்காப்பொன் ரேக்கு மாதிரி, ஆயிரக்கணக்கில், எடையே இல்லாமல் மிதக்கும். சாய்கிற வெயிலில் புல்வெளிக்கு மேலே தகதகவென்று எழும்பியது. கூட்டம் கை தட்டியது. நிகழ்ச்சியே அதுதான் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து வணக்கம் சொன்னேன்.

நிமிர்ந்தபோது லீஸ் என்னைப் பார்க்கவில்லை. மிதந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை போன திசையில் நானும் பார்த்தேன். காற்று திரும்பியிருந்தது. விருந்தாளிகள் பக்கம் ஒரு ரேக்குகூடப் போகவில்லை. நேராக மேசைகளுக்குப் போனது. காலித் பாயின் ஆட்கள் அப்போதுதான் பாத்திர மூடிகளைத் திறந்து வைத்திருந்தார்கள். பிரியாணி, ஹரீஸ் கஞ்சி, ஹமூர் மீன், உம்மு அலி இனிப்பு, எல்லாவற்றின் மேலும் மென்மையாக, பன்னீர் தெளிப்பது போல இறங்கியது. இறங்கியதும் கண்ணுக்கே தெரியவில்லை. வேறு யாரும் கவனிக்கவும் இல்லை. “சாப்பிடலாம் வாருங்கள்” என்று மைக்கில் அறிவிப்பு வந்தது. கூட்டம் நகர்ந்தது.

இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியில் எனக்குள் ஒருவன், ‘யாருக்கும் தெரியாது, பேசாமல் இரு’ என்றான். அவனோடு எனக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

ஓடினேன். என் டேப்பை நானே அறுத்துக்கொண்டு, முதல் தட்டை எடுத்திருந்த எமிராத்திப் பெரியவருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன். என்ன மொழியில் பேசுவது என்று தெரியாமல் எல்லா மொழியிலும் பேசினேன். “கலாஸ்! மாஃபி ஃபுட்! ஸ்டாப்! பாய், மூடுங்க! யாரும் தொடாதீங்க! சாப்பாட்டுல கண்ணாடி விழுந்திருக்கு!”

எங்கள் கம்பெனி மேனேஜர் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தது.

“யார் செய்தது?” என்று பெரியவர் அமைதியாக இங்கிலீஷில் கேட்டார்.

“நான்தான் சார்,” என்றேன். “சேஃப்டி ஆபீசர்.”

காலித் பாய் ஒரு கரண்டி பிரியாணியை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். சோறு மின்னியது. “இருபது வருஷ சர்வீஸ்ல உப்பு கூடியிருக்கு, மிளகா கூடியிருக்கு. கண்ணாடி கூடினது இப்பத்தான் பாய்,” என்றார். கண் கலங்கியிருந்தது. அத்தனையும் குப்பைக்குப் போனது. மூட்டை கட்டி சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

நூற்றைம்பது பேரைக் காப்பாற்றியது தேவராஜ் அண்ணன். யாரும் சொல்லாமலே பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளம்பி, பக்கத்துத் தெருக்களிலிருந்த கஃபட்டீரியா ஒவ்வொன்றிலும் இருந்த பரோட்டா, முட்டை ரோஸ்ட், ஷவர்மாவை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். தூதரக ஆட்கள் பேப்பர் கப்பில் கரக் டீயோடு புல்தரையில் உட்கார்ந்தார்கள். பெரியவர் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். “நீ சொல்லாவிட்டால் நான் சாப்பிட்டிருப்பேன்,” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் மேனேஜர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

உலையில் அடியில் மிச்சமிருந்த பச்சைக் கண்ணாடியை லீஸ் வழித்தெடுத்தார். இந்தத் தடவை தேவராஜ் அண்ணன் ஊதினார். நான் தேவைக்கு மேலேயே தள்ளி நின்றேன். உள்ளங்கை அளவில், நடுவில் ஒரே ஒரு கோணல் குமிழியோடு ஒரு கிண்ணம் வந்தது. ஆறவேண்டிய பக்குவத்தில் ஆறி, மறுநாள் பெரியவர் கைக்குப் போனது.

லீஸிடம் மன்னிப்புக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். “நல்ல நுரையீரல்,” என்றார்.

தேவராஜ் அண்ணனிடமும் கேட்டேன். “விடுப்பா. மொதல்ல ரெண்டு பேரும் கார்டைப் புதுப்பிப்போம்,” என்றார். என் கார்டு விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

விபத்து அறிக்கையை நான்தான் எழுதவேண்டும். தவறு செய்தவர் பெயர்: சண்முகம். விசாரணை அதிகாரி: சண்முகம். காரணம் என்ற இடத்தில் அரை மணி நேரம் யோசித்து, ‘காற்று’ என்று எழுதினேன். மேனேஜர் அதை அடித்துவிட்டு, ‘தன்னம்பிக்கை’ என்று திருத்தி அனுப்பினார்.

வேலை போகவில்லை. மானம் மட்டும் வீட்டில் தினமும் போனது. அன்று முதல் நித்யா, சாப்பாட்டுத் தட்டை எடுத்ததும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பாள். “ஒண்ணும் மின்னலை, சாப்பிடலாம்மா,” என்பாள். சுமதியும் சேர்ந்துகொண்டாள். கொஞ்ச நாளில் எனக்கே கை தானாகத் தூக்க ஆரம்பித்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் நித்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரித் தட்டு கைக்கு வந்ததும் நாங்கள் மூன்று பேரும், கொஞ்சமும் யோசிக்காமல், ஒரே நேரத்தில் தட்டைத் தூக்கி லைட்டுக்குக் காட்டிச் சாய்த்தோம். மாப்பிள்ளை வீட்டார் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள். பிறகு மாப்பிள்ளையின் அம்மா, இது இவர்கள் குலவழக்கம் போலிருக்கிறது என்று, மரியாதையாகத் தன் தட்டையும் தூக்கிக் காட்டிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார். அவர் வீட்டில் இப்போது நாள் கிழமை என்றால் முதல் தட்டு லைட்டுக்குக் காட்டாமல் பரிமாறுவதில்லையாம்.

காரணத்தை மாமியாரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் அப்பா என்கிறாள் நித்யா.