செல்லக்கிளியை அழைத்துவரப் போன விவரம்

தூத்துக்குடி,
ஆடி மாதம், 1971.

பம்பாய் மாதுங்காவில் இருக்கும் மரியாதைக்குரிய அண்ணன் சங்கரலிங்கம் அவர்கள் சமூகத்துக்கு, தம்பி ஆறுமுகநயினார் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே ஆற்றில் தண்ணீர் வருகிறது, கார் நடவு முடிந்தது, திருச்செந்தூரான் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். அங்கே தாங்களும் மதினியும் பிள்ளைகளும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும், கண்கள் உட்பட. எழுத்து மேலும் கீழுமாகப் போயிருந்தால் மன்னிக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு தாண்டு குதிரையின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். தாண்டு குதிரை என்றால் உயிருள்ள குதிரை இல்லை; பிள்ளைகள் ஓடிவந்து தாண்டுவதற்காகத் தோல் போர்த்தி வைத்திருக்கும் மரச் சாமான். அது இருக்கும் இடத்தில் நான் ஏன் இருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவிக் கிடக்கிறது, அதற்காக மூடிய கல்லூரியைத் திறந்ததே தப்பு, திறந்தவர்கள் பாடத்தோடு நிற்காமல் பெண்பிள்ளைகளை மறுபடியும் வெயிலில் விட்டு வாலிபால் ஆட வைக்கிறார்களாம், செம்பூர் மாப்பிள்ளை வீட்டார் ஆவணியில் பெண் பார்க்க வருகிறார்கள், பிள்ளை கண் சிவந்து முகம் கறுத்து நின்றால் நம் மானம் என்னாவது, உடனே போய்ச் செல்லக்கிளியை வீட்டுக்கு அழைத்து வா என்று எழுதியிருந்தீர்கள். தங்கள் சொல்லை நான் என்றைக்காவது தட்டியிருக்கிறேனா? என் வீட்டுக்காரி அருணாசலவடிவு மட்டும், "பிள்ள ஆசையா விளையாடுதா, ரெண்டு மாசம் விட்டா என்ன?" என்று கேட்டாள். "அண்ணன் சொல்லியாச்சு" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டேன். அவளும் அடங்கிப் போய், பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டுமென்று உரலில் இட்லிப்பொடி இடித்தாள். என்மேல் விழ வேண்டிய அடியெல்லாம் மிளகாய்மேல் விழுந்தது என்று நினைக்கிறேன். காரம் அப்படி.

அந்தப் பொடிப் பொட்டலத்தைத் துண்டில் முடிந்துகொண்டு ஏரலில் பஸ் ஏறினேன். ஆடிமாதக் கச்சான் காற்று தங்களுக்குத் தெரியாததா? முக்காணி தாண்டியதும் ஊரிலுள்ள மண்ணெல்லாம் ஜன்னல் வழியாக ஏறி டிக்கெட் வாங்காமல் என் கண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டது. துண்டால் துடைத்தேன். பொட்டலம் அவிழ்ந்திருந்தது எனக்குத் தெரியாது. எரிந்தது, எரிந்ததால் இன்னும் அழுத்தித் துடைத்தேன். பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோனார். பிறகு அந்த வரிசையே எழுந்துபோனது. கண்டக்டர் தூர நின்றபடியே, "ஒம்ம இடம் வரும்போது சொல்லுதேன், அசையாம இரியும்" என்றார். பழையகாயல் உப்பளத்திலிருந்து தூத்துக்குடி வரை ஒரு முழுச் சீட்டில் ஜமீன்தாரைப் போல உட்கார்ந்து, அழுதுகொண்டே போனேன்.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் செல்லப்பாண்டி நின்றிருந்தான். என்னைக் கண்ட வேகத்தில் கேட்டை இழுத்து, "அண்ணாச்சி, அங்கனயே நில்லும், மூச்சு விடாதியும்!" என்று கத்தினான். கண்நோவு மூச்சில் பரவாதப்பா என்றேன். "அது ஒமக்குத் தெரியும், நோவுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ஆளைக் கூப்பிட ஓடினான். வந்தவர் மெட்டில்டா டீச்சர், விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பவர், மணப்பாட்டுக்காரர். கழுத்தில் விசில், நடையில் கடற்காற்று. எட்ட நின்றே என் கண்ணைப் பார்த்து, "கொவ்வப்பழமால்லா இருக்கு" என்றார்.

"மிளகாப்பொடிம்மா, வேற ஒண்ணுமில்ல."

"எல்லாரும் இதத்தான் சொல்லுதாவ. ஒரு பிள்ள வெங்காயம்னா, இன்னொருத்தி வீட்டு ஞாபகம்னா. ரெண்டு பேரும் இப்போ கண்ணு தொறக்க முடியாம ஹாஸ்டல் மாடியில கெடக்காளுவ."

"அப்போ நான் வெளியவே நிக்கேன். எம் மவ செல்லக்கிளிய அனுப்பி வையுங்க, கூட்டிட்டுப் போயிருதேன்."

"கண்ணு செவந்தவங்கள பஸ்ஸுல ஏத்திவிடக் கூடாதுன்னு தாளாளர் ஆர்டர்."

"சரி, உள்ள வாரேன்."

"உள்ளயும் விடக்கூடாதுன்னு ஆர்டர்."

அண்ணன், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் ஒரு மனுஷன் எங்கே நிற்பான்? யோசித்துப் பார்த்து, கேட்டை ஒட்டிய விளையாட்டுச் சாமான் அறையில் வைத்து வெளித் தாழ்ப்பாளைப் போட்டார்கள். செல்லப்பாண்டி ஒரு குடம் தண்ணீரும், யாரோ மறந்துவிட்டுப்போன கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தான். கண்ணைக் கழுவலாமென்று மூலையில் இருந்த வாளித் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்தேன். குடத்துத் தண்ணீரை எடுத்திருக்க வேண்டும். வாளியில் இருந்தது பந்தைக் குளிப்பாட்டுவதற்காக டெட்டால் கலந்து வைத்த தண்ணீர். அதன்பிறகு கொஞ்ச நேரம் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. வலையில் சுற்றிக்கொண்டு கிடந்த என்னை ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் செல்லக்கிளி, "யப்பா!" என்று கூப்பிட்டாள்.

பிள்ளைக்குக் கண் பளிங்குபோல் இருக்கிறது, கவலை வேண்டாம். "ஏளா கிளி, பெட்டியக் கட்டு. பெரியப்பா வரச் சொல்லிட்டாவ" என்றேன். அவள் ஜன்னல் கம்பிக்கு எட்டவே நின்று சொன்னதைத் தங்களுக்கு அப்படியே எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் சனிக்கிழமை கல்லூரிகளுக்கிடையே போட்டி. டீமில் மற்றவர்கள் நோவில் படுத்துவிட்டார்கள், மிச்சம் சரியாக ஆறு பேர். ஆறில் ஒன்று குறைந்தால் டீம் போக முடியாது. டீம் போகாவிட்டால் தாளாளர் இன்பமணி ஐயா அந்த மைதானத்தில் தன் உப்பு மூட்டைகளை அடுக்கக் கிட்டங்கி கட்டிவிடுவார். அஸ்திவாரத்துக்குக் கயிறுகூடப் பிடித்துப் பார்த்தாயிற்று. மெட்டில்டா டீச்சர் சண்டை போட்டுத்தான் விளையாட்டைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார். அதற்கும் ஒரு நிபந்தனை: வளாகத்துக்குள் புதிதாக ஒரு கண் சிவந்தாலும் அன்றோடு விளையாட்டு நிறுத்தம்.

"அதெல்லாம் நமக்கெதுக்குளா?" என்றேன்.

"சரிப்பா" என்றாள். எப்போதும் அப்படித்தானே சொல்லுவாள். "சாயங்காலம் ஆடி முடிச்சதும் பெட்டியக் கட்டுதேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. ஜன்னலுக்கு நேரே மைதானம், பார்க்காமல் இருக்க வழியில்லை. இப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை, அண்ணன். ஒவ்வொரு பாயிண்டு முடிந்ததும் பந்தை வாளியில் முக்கிக் குளிப்பாட்டுகிறார்கள். குளித்த பந்து வழுக்குகிறது. வழுக்கிய பந்தைக் கச்சான் தூக்கிக்கொண்டு மைதான ஓரத்து முள் உடைமரத்துக்குப் போகிறது. ஜெயித்தால் கையோடு கை தட்டக்கூடாதாம், ஒருத்தருக்கொருத்தர் கும்பிடு போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்த்தாலே தொற்றும் என்று தாளாளர் நம்புவதால் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்கக் கூடாது. பார்க்காமல் எப்படி ஆடுவது? ரோஸ் என்ற பிள்ளையும் இன்னொருத்தியும் ஒரே பந்துக்கு ஓடி நெற்றியோடு நெற்றி மோதிக்கொண்டார்கள். கண்நோவு தப்பியது, மண்டை வீங்கியது.

அப்போது யாரோ ஒரு பெண், "விடு! எனக்கு!" என்று ஒரு சத்தம் போட்டாள். உடைமரத்துக் காக்காய் பறந்துவிட்டது. இது யார் பெற்ற பிள்ளை, இப்படித் தொண்டை வைத்திருக்கிறதே என்று ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். நம்ம செல்லக்கிளி. வீட்டில் எனக்குச் சோற்றுக்கு உப்பு வேணுமா என்று கேட்க வேண்டுமென்றால்கூட, இவள் அம்மாவிடம் சொல்லி அம்மாதான் என்னிடம் கேட்பாள். இங்கே, "ரோசு, பின்னால போ! மேல வருது, அடி!" என்று மற்ற ஐந்து பேரையும் ஆட்டிவைக்கிறாள். அவள் விரல் நுனியால் பந்தை மேலே தூக்கிக் கொடுக்கிறாள், மற்றவர்கள் அடிக்கிறார்கள். மெட்டில்டா டீச்சர் ஜன்னல் பக்கம் வந்து, "மொதல்ல இவளுக்குக் கொரலே வராது. பாக்கக் கூடாதுன்னு சட்டம் வந்த பொறவு கூப்புடாம ஆட முடியாதுல்லா? இப்போ எனக்கே விசில் தேவைப்படல்ல" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. டெட்டால்தான்.

இந்த இடத்தில் தாளாளர் இன்பமணி ஐயா குடையோடு வந்தார். சாமான் அறையில் ஓர் ஆள் நிற்பதைப் பார்த்தார். என் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். "புதுக் கேசு! நான் அப்பமே சொன்னேம்லா? விளையாட்ட நிப்பாட்டு, வலைய அவுரு!" என்றார். ஆறு பிள்ளைகளும் அப்படியே நின்றுவிட்டார்கள். செல்லக்கிளி குனிந்து, பந்தை வாளியில் போட்டுவிட்டு வலைக் கயிற்றை அவிழ்க்கப் போனாள். பழைய "சரிப்பா" மாதிரிதான்.

அண்ணன், தாங்கள் கோபப்படக்கூடாது. அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு, 'ஆமாம், கண்நோவுதான்' என்று நின்றிருந்தால் போதும். விளையாட்டு நின்றிருக்கும், பிள்ளை என்னோடு வந்திருக்கும், தங்கள் உத்தரவு தானாகவே நிறைவேறியிருக்கும். இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டிருக்கும்போதே என் வாய், "கயித்தத் தொடாதளா!" என்று கத்திவிட்டது. அவளுடைய தொண்டை எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"யாரு வே நீரு?" என்றார் தாளாளர்.

"அந்தப் பிள்ளைக்கு அப்பன். எனக்கு நோவு இல்ல, இது மிளகாப்பொடி."

"என்னத்துக்கு வே பொடியக் கண்ணுல போடுதீரு?"

"போடல்ல, தொடச்சேன். நம்பாட்டா இந்தத் துண்ட மோந்து பாரும்!"

கம்பி வழியாகத் துண்டை நீட்டினேன். அவர் உப்பு வியாபாரி. எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்புவார். மூக்கருகே கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்துக் கச்சான் ஒரு வீச்சு வீசியது. துண்டு அவர் முகத்தில் முழுசாக ஒட்டிக்கொண்டது. தும்மினார், குடை பறந்தது; கண்ணைக் கசக்கினார், கசக்கக் கசக்க எரிந்தது. கடைசியில் கண்ணைத் திறந்தபோது இரண்டும் கொவ்வைப்பழம். மெட்டில்டா டீச்சர் மிகவும் பணிவாக, "ஐயா, கண்ணு செவந்தவங்க வெளியயும் போகக் கூடாது, உள்ளயும் வரக் கூடாது. ஒங்க ஆர்டருதான்" என்றார். செல்லப்பாண்டி ஏற்கெனவே தாழ்ப்பாளைத் திறந்து வைத்திருந்தான்.

ஆக, இதை எழுதும்போது தாளாளர் என் பக்கத்தில் ஒரு பாயில் உட்கார்ந்திருக்கிறார். முதலில் பொடியைப் பற்றி மட்டும், வாசனை நல்லா இருக்கு, எள்ளு போட்டிருக்கா என்று கேட்டார். போட்டிருக்கிறது என்றேன். பொடிதான் என்று அவர் கண்ணே சாட்சி சொல்லிவிட்டதால் ஆட்டம் மறுபடி தொடங்கியது; அவரும் ஜன்னலுக்கு வந்தார். இதுவரை இந்த ஆட்டத்தை அவர் முழுசாகப் பார்த்ததே இல்லையாம். "அந்தத் தூக்கிக் குடுக்க பிள்ள ஒம்ம மவளா?" என்றார். "ஆமா." "ஏன் வே, அவளே ஒரு தடவ அடிக்கக் கூடாது?" "அவ அடிச்சா யாரு தூக்கிக் குடுப்பா?" என்றேன், ஏதோ பிறந்ததிலிருந்து வாலிபால் பார்த்தவனைப் போல. சரிதான் என்று ஒப்புக்கொண்டார். மண்டை வீங்கிய ரோசு ஒரு பந்தை அடித்து இறக்கியபோது இரண்டு பேரும் கம்பியில் முட்டிக்கொண்டோம்.

ஆனாலும் அண்ணன், என் மனசு மாறிவிட்டது என்று தாங்கள் நினைத்துவிட வேண்டாம். என் தீர்மானம் தீர்மானம்தான். ஆறு பேருக்கு ஒன்று குறைகிறதே என்று சனிக்கிழமை வரைக்கும் மட்டும் விட்டுவைக்கிறேன். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் செல்லக்கிளியோடு வீடு போய்ச் சேருவேன். அதன்பிறகு பந்து என்ற பேச்சே நம் வீட்டில் இருக்காது. செம்பூர்க்காரர்களை ஆவணி முதல் முகூர்த்தத்தில் தாராளமாக வரச் சொல்லலாம். மதினிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, அவர்கள் யாரும் கண்ணைக் கசக்க வேண்டாம்.

தங்கள் சொல்லை என்றும் தட்டாத தம்பி,
ஆறுமுகநயினார்.

பின்குறிப்பு: என் கை பட்ட காகிதத்தைத் தொடமாட்டேன் என்று செல்லப்பாண்டி சொல்லிவிட்டதால் இதைத் தபாலில் சேர்க்க முடியவில்லை. இப்போது திங்கட்கிழமை. இன்னும் தூத்துக்குடியில்தான் இருக்கிறேன். மறுநாளே எங்கள் இரண்டு பேர் கண்ணும் தெளிந்து தாழ்ப்பாளும் திறந்தது; டீமோடு துணைக்குப் பெற்றவர்களில் ஒருவர் போக வேண்டும் என்றார்கள், போனேன். பாளையங்கோட்டையில் முதல் ஆட்டம் ஜெயித்தோம், அடுத்ததில் தோற்றோம். கோட்டுக்கு உள்ளே விழுந்த பந்தை வெளியே என்று சொன்ன நடுவரிடம் நான் போய்ப் பேசியதால், என்னைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டார்கள். தாளாளரும் என்னோடு வந்து நின்றார். கிட்டங்கியை வேறு எங்காவது கட்டிக்கொள்வாராம். செல்லக்கிளியைப் பல்கலைக்கழக டீமுக்கு எடுத்திருக்கிறார்கள், ஆவணி முழுவதும் மதுரையில் பயிற்சி. போகட்டுமா என்று என்னிடம் அவளே கேட்டாள், அம்மாவிடம் சொல்லாமல். நான் "சரிளா" என்றேன். செம்பூர்க்காரர்கள் பெண் பார்க்க வேண்டுமென்றால் மதுரை மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். வீட்டில் தலைகுனிந்து காப்பித் தட்டோடு வரும்போது பார்த்தால் இந்தப் பிள்ளை யாரென்று அவர்களுக்குத் தெரியாது. கூடவே இருந்த எனக்கே இத்தனை காலம் தெரியவில்லை.