டாரன்டின் முழங்காலும் மார்லாவின் அட்டைப்பெட்டிகளும்

புதன்கிழமை காலை

பேரன்புக்கும் பெரும் பொறுப்புக்கும் உரிய மாப்பிள்ளை கிரெய்க் அவர்களுக்கு, மாமனார் ஹார்லன் ஃபென்ஸ்கே எழுதுவது. இங்கே நானும் பூனையும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் கொஞ்சம் முனகுகிறது. நீங்கள் பொது மேலாளராக இருக்கும் பேஸ்பால் அணியின் சௌக்கியத்தை நான் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. தினமும் காலையில் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் அதைப் போட்டுவிடுகிறார்கள், கீழே, கடைசி வரியில்.

பத்து நிமிட தூரத்தில் இருந்துகொண்டு இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில் பேஸ்பால் பேசக்கூடாது என்று என் மகள் மார்லா சட்டம் போட்டுவிட்டாள். போனில் பிடிக்கலாம் என்று உங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டால், உதவியாளர் பெண், "நீங்க எந்த அணியிலேருந்து பேசறீங்க?" என்று கேட்டாள். "லூத்தரன் சபை அணி" என்று உண்மையைச் சொன்னேன். "கொஞ்சம் இருங்க சார்" என்றாள். அது திங்கட்கிழமை. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை உங்கள் வீட்டு வெந்நீர்க் கொதிகலனைப் பார்க்க அடித்தளத்துக்கு இறங்கினேன் அல்லவா? அங்கே மூலையில் அட்டைப்பெட்டிகள். தட்டையாக மடித்து, கயிறு போட்டுக் கட்டி, சுவரோரமாக நிறுத்தியிருந்தன. ஒவ்வொன்றிலும் மார்லாவின் கையெழுத்து: டாம்பாவிலிருந்து டென்வருக்குப் போனபோது எழுதியதை அடித்துவிட்டு, டென்வரிலிருந்து இங்கே வந்தபோது எழுதியது. நீங்கள் இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. "இதெல்லாம் எதுக்கும்மா இன்னும்?" என்று கேட்டேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல், "இருக்கட்டும்ப்பா. அவரு பார்க்கிற வேலைக்குப் பெட்டியைத் தூக்கிப் போட்டவங்க யாரும் கிடையாது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் கொதிகலனின் எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று மறந்துபோயிற்று. நேற்றுப் பார்த்தால், உங்கள் முதலாளி பிரண்டேஜ் பேப்பரில் பேட்டி கொடுத்திருக்கிறார். ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள வியாழன் மாலை ஆறு மணிதான் கடைசிக் கெடு, அதற்குள் அணி திருந்தும் அடையாளம் தெரியாவிட்டால் புதிய பொது மேலாளரைத் தேடுவாராம். அவர் மெத்தை விற்றுப் பணக்காரர் ஆனவர். படுத்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் நூறு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று சொல்லியே விற்றவர். மனிதர்களையும் அப்படித்தான் நினைக்கிறார். ஆக, உங்கள் வேலை போனால் என் மகள் போவாள், பேரப்பிள்ளைகள் போவார்கள், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு போகும், எனக்குப் பூனை மட்டும் மிஞ்சும். பூனைக்கு என் உருளைக்கிழங்கு சாலட் பிடிக்காது.

நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். குறை சொல்வதற்காக எழுதவில்லை, ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் பனி தள்ளும் இயந்திரம் அடித்த அடி இருக்கிறதே, தெருவே வாயைப் பிளந்து பார்த்தது. வசந்தத்தில் அதை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அடுத்த குளிர்காலத்தில் அது இருமியது, எண்ணெய் துப்பியது, வாசலின் நடுவில் நின்றுவிட்டது. நான் எதை வாங்கியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. போன வருடத்துப் பனியை வாங்கியிருக்கிறேன். அதைத்தான் அது ஏற்கெனவே தள்ளிவிட்டதே! மாப்பிள்ளை, பந்தடிப்பில் பேர்போன முப்பத்தைந்து வயது பக் டாரன்டுக்கு ஆறு வருடத்துக்குப் பதின்மூன்று கோடி டாலர் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டபோது எனக்கு அந்த இயந்திரத்தின் சத்தம்தான் காதில் கேட்டது. நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில், வான்கோழியை வெட்டிக்கொண்டே கேட்டேனே, நினைவிருக்கிறதா? "ஆறு வருஷமா மாப்பிள்ளை? முடியறப்ப அவருக்கு நாப்பத்தொண்ணு ஆயிடுமே?" நீங்கள் பொறுமையாக, "மாமா, கடைசி வருஷத்துக்காக யாரும் வாங்கறதில்ல. முதல் வருஷத்துக்காகத்தான் வாங்கறோம்" என்றீர்கள். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். முதல் வருடம் வந்தது. ஏப்ரலில் டாரன்ட் அணி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தும்மி, தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டார். மேயில் முழங்கால். ஜூனில் திரும்பி வந்து, வேலியைத் தாண்டி ஹோம் ரன் அடிக்க வேண்டிய பந்தையெல்லாம் விட்டுவிட்டுக் காற்றை அடித்துக்கொண்டிருக்கிறார். நம் ஊர்க் காற்று அவ்வளவு அடிக்கு என்ன பாவம் செய்தது?

அதோடு விட்டதா? யானையைக் கட்டக் கொட்டகையில் இடமில்லை என்று பால் கறக்கிற பசுவை விற்ற கதையாக, டாரன்டின் சம்பளத்துக்கு இடம் பண்ண இபார்ராவை ஏரிக்கு அந்தப் பக்கத்து அணிக்குக் கொடுத்தீர்கள். பந்து எறிவதில் அவனைப் போல் நம்மிடம் இன்னொருவன் இல்லை. கொடுத்ததும் கொடுத்தீர்கள், அவன் சம்பளத்தில் பாதியை நாமே கட்டுவதாகவும் ஒத்துக்கொண்டீர்கள். ஜூன் கடைசியில் அவன் இங்கே வந்து நம் ஆட்களை ஒருவர் பின் ஒருவராக வெறுங்கையோடு பெஞ்சுக்கு அனுப்பினான், டாரன்டை மட்டும் மூன்று தடவை. மறுநாள் நான் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். கஸ் என் கழுத்தில் துணியைக் கட்டி, கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"வாங்க வாத்தியாரே! உங்க மாப்பிள்ளை பெரிய மூளைக்காரர்தான்யா. எறியறவனுக்கும் நம்ம காசு, அடிக்கிறவனுக்கும் நம்ம காசு. யாரு ஜெயிச்சாலும் நாமதான் ஜெயிச்சோம்!"

"கஸ், காதைப் பார்த்து வெட்டு."

"காதுக்கென்ன, பாதியை வெட்டிடறேன். மீதிக்குப் பக்கத்துக் கடைக்காரன் காசு குடுப்பான்!"

கடையே சிரித்தது. தலைமுடி கஸ்ஸின் கையில் இருக்கும்போது நான் வாதம் பண்ணுவதில்லை.

இந்த இடத்தில்தான் ரோலி வெண்டிட்டி வருகிறான். உங்களுக்கு முன்னால் இருந்த பொது மேலாளர் கட்டிவைத்த பாவ மூட்டை, நீங்கள் சுமக்கிறீர்கள். அவன் ஆட்டத்தை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. ஆனால், 'இப்போது வேண்டாம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்' என்று எழுதி வாங்கியதால், 2041 வரை வருடாவருடம் உங்கள் அணி அவனுக்குச் சம்பளம் தருகிறது. ஏழாம் வகுப்பில் பின்னம் வராமல் என்னிடம் இரண்டு தடவை தேர்வு எழுதியவன் அவன். இந்த ஊரில் வட்டிக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் இன்று அவன்தான். படகுத்துறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னுடையதைவிட நல்ல தூண்டிலில், என்னுடையதைவிடப் பெரிய மீனைப் பிடிக்கிறான். "மாப்பிள்ளையை நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க சார், தூண்டில் அவரு உபயம்" என்கிறான்.

இப்படியெல்லாம் நடக்காமல் ஓர் அணியை எப்படி நடத்துவது என்பதை நான் வாயால் சொன்னால் போதாது, செய்துகாட்ட வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. எங்கள் லூத்தரன் சபையின் சாஃப்ட்பால் அணிக்கு, உங்கள் மாமனார் என்ற ஒரே தகுதியைப் பார்த்து என்னைப் பொது மேலாளராகப் போட்டார்கள். அணியின் செலவுக்கு வருடத்துக்கு நானூறு டாலர். சீருடை, பந்து, நடுவர் கூலி, ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் சாசேஜ், எல்லாம் அதற்குள். எங்களுக்குத் தேவை, நன்றாக அடிக்கிற ஓர் ஆள். வெண்டிட்டியைக் கேட்டேன். "சார், உங்ககிட்ட காசு வாங்கினா எனக்குப் பாவம்" என்றான். நெகிழ்ந்துபோனேன். "இப்ப ஒண்ணுமே வேணாம். நாலு வருஷம் போகட்டும். அப்புறம் ஈஸ்டருக்கு ஈஸ்டர் ரெண்டு டஜன் சாசேஜ் குடுத்தாப் போதும். 2041 வரைக்கும்." இன்றைக்குச் செலவில்லாத ஆட்டக்காரன்! உடனே கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவன் அளவுக்குச் சீருடை தைத்துத்தான் வாங்க வேண்டும், முழங்காலுக்கு உறை தனி, காலணி தனி. இருநூற்று நாற்பது டாலர் போயிற்று. சபைக் கமிட்டியில், "2041-ல சாசேஜ் யாரு குடுப்பாங்க ஹார்லன்? உங்களுக்கு அப்ப தொண்ணூறு தாண்டிடுமே?" என்று கேட்டார்கள். கடைசி வருடத்துக்காக யாரும் வாங்குவதில்லை, முதல் வருடத்துக்காகத்தான் வாங்குகிறோம் என்று விளக்கினேன். நல்ல பதில், யாரிடமோ கேட்டது.

மிச்சப் பணத்தை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்ததால் ஒரு சிறிய சிக்கனம் செய்தேன். ஈட்னா குரூஸ் அம்மாள் எழுபது வயதிலும் எங்களுக்குப் பந்து எறிகிறவர், சபையில் ஆர்கன் வாசிக்கிறவரும் அவரே. அவர் கேட்டதெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவிட ஒரு காரும் ஒரு கூஜா எலுமிச்சைச் சாறும்தான். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று அவரைப் பக்கத்து மெதடிஸ்ட் சபையின் அணிக்குக் கொடுத்து, இரண்டு ஐஸ் பெட்டி வாங்கிக்கொண்டேன். ஒன்றின் மூடி சரியாக மூடாது. எலுமிச்சைச் சாறு பாதி நாங்களே தருவதாகவும் ஒரு சிறு ஏற்பாடு. போன ஞாயிறு மெதடிஸ்டுகளோடு ஆட்டம். ஈட்னா அம்மாள் ஆராதனைக்குப் போட்ட அதே காலணியோடு வந்து, வெண்டிட்டிக்கு மூன்று பந்து எறிந்தார். ஒன்றும் மட்டையில் படவில்லை; மூன்றாவதுக்கு மட்டையைச் சுழற்றிய வேகத்தில் அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, அணிக்கென்று வைத்திருந்த சாசேஜையெல்லாம் எடுத்துச் சாப்பிட்டான். "இதை முன்பணமா வெச்சுக்கோங்க சார்" என்றான். வேலிக்கு அந்தப் பக்கம் கஸ் நின்றுகொண்டிருந்தார், கையில் மெதடிஸ்ட் எலுமிச்சைச் சாறு. "வாத்தியாரே, இதுவும் நம்ம காசுதானே?" அதற்கப்புறமும் ஈட்னா அம்மாள் எங்கள் சபையில்தான் ஆர்கன் வாசிக்கிறார். கோபத்தில் எல்லாப் பாட்டையும் இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்துத் தள்ளுவதால் ஆராதனை அரை மணி நேரம் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.

இதை நான் ஓர் உதாரணத்துக்காக மட்டுமே சொன்னேன். என் நிலைமை வேறு, உங்கள் நிலைமை வேறு.

என் விண்ணப்பம் ஒன்றே ஒன்று. மாப்ரியைக் கொடுத்து இன்னொரு வயதான பெரிய அடிக்காரரை நீங்கள் வாங்கப் போவதாகப் பேப்பரில் வந்திருக்கிறது. வேண்டாம். மாப்ரிக்கு இருபத்திரண்டு வயது, இடது கையால் எறிகிறான், நம் அணியிலேயே குறைந்த சம்பளம். நான் பார்த்த வகுப்புகளில் எல்லாம் செப்டம்பரில் கையைத் தூக்குகிற பிள்ளை ஒருவகை, பிப்ரவரியில் ஒருநாள் திடீரென்று எல்லாம் விளங்கிப்போகிற பிள்ளை இன்னொரு வகை. இவன் பிப்ரவரிப் பிள்ளை. கொஞ்சம் பொறுங்கள். டாரன்டை, பாதிச் சம்பளம் போனாலும் போகட்டும் என்று, வேறு யார் தலையிலாவது கட்டிவிடுங்கள். நேற்று அடித்த ஹோம் ரன்னுக்கு நாளைக்குச் சம்பளம் கொடுக்கக்கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை எழுதி உங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டால், மார்லாவின் பெட்டிகள் கீழேயே இருந்து பூஞ்சை பிடித்துப் போய்விடும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

உங்களுக்கும் மார்லாவுக்கும் என் ஆசீர்வாதம். குழந்தைகளுக்கு முத்தம். பிரண்டேஜ் துரைக்கு என் மரியாதையையும், நல்ல தூக்கத்துக்கான வாழ்த்தையும் சொல்லவும்.

என்றும் உங்கள் நன்மையை விரும்பும்,
ஹார்லன் ஃபென்ஸ்கே

பின்குறிப்பு: மாலை ஐந்து மணி. தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது, பகல் ஆட்டம்தானே என்று ரேடியோவைப் போட்டேன். பொறுக்கச் சொன்னேனே, அந்தப் பிப்ரவரிப் பிள்ளை மாப்ரி, முதல் மூன்று இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்தான். நான் தள்ளிவிடச் சொன்ன டாரன்ட், கடைசி இன்னிங்ஸில், நம் ஆட்கள் இரண்டு பேர் ஓடத் தயாராகப் பேஸில் நிற்க, அதுவும் இபார்ராவின் பந்தை, கார் நிறுத்துமிடத்துக்கு அடித்துவிட்டார். ஆட்டம் நமக்கு, தெருவெல்லாம் ஹாரன் சத்தம். கஸ் போன் பண்ணி, "மாப்பிள்ளைக்கு ஆயுசுக்கும் இலவச முடிவெட்டு வாத்தியாரே! இன்னிக்கும் ரெண்டு பக்கமும் நம்ம காசுதான்!" என்று அழுகிறார். உங்கள் முதலாளி ரேடியோவில் மைக்கைப் பிடுங்கி, உங்கள் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டியதாக அங்கேயே அறிவித்துவிட்டார். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். முக்கியமாக அந்தக் கண்ணாடிக்கு அடியில் வைக்கச் சொன்ன வாக்கியத்தைக் கிழித்துவிடுங்கள், பிரண்டேஜ் பார்த்துவிடப் போகிறார். டாரன்ட் இன்னும் இரண்டு வருடம் கேட்டாலும் கொடுங்கள். கை இறுகினால், தள்ளிப்போட்டுக் கொடுப்பது எப்படி என்று வெண்டிட்டி சொல்லித்தருவான்.

மார்லாவும் கூப்பிட்டாள். "அப்பா, சனிக்கிழமை உங்க டிரக்கைக் கொண்டு வர்றீங்களா? அந்தப் பெட்டிங்களைக் கொண்டுபோய்ப் போட்டுடலாம்" என்றாள். அவள் குரலை அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆயிற்று. "சனிக்கிழமையா? நாளைக்கு மறுபடி ஆட்டம் இருக்கும்மா. இப்பவே வரேன்" என்றேன். இந்தக் கடிதத்தையும் கையோடு கொண்டுவருகிறேன். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகிறேன், நல்ல பெட்டியாக ஆறு மட்டும் என் கார் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கும். மார்லாவுக்குத் தெரிய வேண்டாம். அந்த ஹோம் ரன்னுக்கு டாரன்ட் மூன்றாவது பேஸைத் தாண்டும்போது நொண்டிக்கொண்டே வந்தார் என்று ரேடியோவில் சொன்னான்.