மண்குத்தி சார் பெண் பார்த்த கதை

காஞ்சிபுரத்தில் எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கோபுரத்துக்கும் மேலே ஆகாயத்தைப் பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, தலைதெறிக்க ஓடிய ஒரே பிரகிருதி எங்கள் மண்குத்தி சார்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் பிள்ளையார்பாளையத்து மாடி அறை ஒன்றில் அவரும் நானும் குடியிருந்தோம். மண்ணின் ஈரத்தை அளப்பது அவர் உத்தியோகம். வானத்தில் போகிற சாட்டிலைட், எந்த நிலத்தில் எவ்வளவு ஈரம் என்று சொல்லுமாம். அது சொல்வது சரியா என்று, அது தலைக்கு மேல் போகும் அதே நேரத்தில் கீழே ஒருவர் கம்பி நீட்டிய கருவியை மண்ணில் குத்திப் பார்க்க வேண்டுமாம். இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டுக் கணக்குப் பார்த்தால், பயிருக்கு எப்போது தண்ணீர் விடலாம் என்று வருமாம். ஊரே ராகு காலம் பார்க்கும். இவர் சாட்டிலைட் காலம் பார்ப்பார்.

தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் நெசவாளர்களுக்கு மழை என்றால் உயிர் போகும்.

"சார், இன்னிக்கு மழ வருமா?"

"பெஞ்ச மழைய கேளுங்க, எவ்ளோ ஊறியிருக்குதுன்னு சொல்றேன். பெய்யப் போறது எனக்குத் தெரியாது."

"பெஞ்ச மழையிலதான் நாங்களே நனைஞ்சோமே சார்!"

நான் வேலை பார்த்த பட்டுக் கடையில், ஜரிகை நிறுக்கும் தராசில் ஒருநாள் சார் ஈர மண்ணை எடை போடக் கொண்டுவந்து வைத்துவிட்டார். முதலாளி அலறினார்: "யோவ், லட்சுமி உக்கார்ற எடம்யா அது!"

"பூமாதேவியும் கொஞ்சம் உக்காரட்டுமே சார்" என்றார், தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே.

இப்படிப்பட்டவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வந்த இடமெல்லாம் தட்டிப் போனது. ஓரிக்கையில் ஒரு வரன் அமைந்தபோது, வந்தவாசியிலிருந்து வந்த அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்பா, இதுவும் போச்சின்னா இவன் மண்ணோடதான் குடும்பம் நடத்தணும். அந்தக் கம்பிய மட்டும் எடுத்துக்கினு வராம பாத்துக்கப்பா."

பெண் பார்க்கக் கிளம்பும்போது சார் பையைத் துழாவினேன், கருவி இல்லை. கையில் குடை மட்டும் வைத்திருந்தார். பரவாயில்லையே, வெயிலுக்குக் குடை எடுக்கிற அளவுக்குப் பொறுப்பு வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன், மடையன்.

பெண் காபி கொண்டுவந்தாள். சார் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிஷம்" என்று எழுந்து, நடுக்கூடத்தில் குடையை விரித்தார். உள்ளேயிருந்து கருவி விழுந்தது! அதைத் தூக்கிக்கொண்டு, புது வேட்டியை மடித்துக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் இருந்த வேர்க்கடலைக் கொல்லைக்குள் பாய்ந்துவிட்டார்.

"இவரு பொண்ண பாக்க வந்தாரா, மண்ண பாக்க வந்தாரா?" என்று பெண்ணின் அப்பா எகிறினார். சாரின் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் காராசேவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கொல்லையிலிருந்து சார் குரல் வந்தது. "இங்க கடைசியா எப்போ தண்ணி பாய்ச்சினீங்க?"

"நேத்து சாயந்திரம்!" பதில் சொன்னது பெண். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கீழே கிடந்த குடையையும் எடுத்துக்கொண்டு அவளும் கொல்லைக்குள் இறங்கிவிட்டாள். நாங்கள் பின்வாசலுக்கு ஓடினோம்.

"எவ்ளோ நேரம்?"

"கரண்ட் இருந்த வரைக்கும்."

"யார் பாய்ச்சினது?"

"நான்தான். அந்த மூல மேடு, அங்க தண்ணி ஏறாது. வேணும்னா குத்திப் பாருங்க."

குத்தினார். வெயிலில் கருவியில் எண் தெரியவில்லை. அவள் குடை பிடித்தாள். இரண்டு தலையும் குடைக்குள் குனிந்தன.

"ஆமாங்க, காஞ்சிதான் கெடக்குது!" என்று சார் சிரித்தார். லாட்டரி விழுந்தவன்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

"ஏம்மா, என்னாதான் சொல்ற?" என்று அப்பா பின்வாசலிலிருந்து கத்தினார்.

"இவரு காபி ஆறிடுச்சிப்பா. உள்ள வரச் சொல்லு, வேற போட்டுக் குடுக்கறேன்."

முகூர்த்தம் குறிக்கப் பஞ்சாங்கத்தை விரித்தபோது, "அந்த நேரத்துல மேல ஒண்ணும் போகலையே?" என்று முதலில் கேட்டதும் அவள்தான்.

சார் காலி செய்துவிட்டுப் போன பிறகு அந்த அறை எனக்குப் பிடிக்கவேயில்லை. இப்போதும் மழை விட்டதும் வாசலில் இறங்கி, மண்ணில் ஒரு விரலைக் குத்திப் பார்க்கிறேன். என் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.