நோயாளி இல்லாத ஹோட்டல்

உலகத்துக்குச் சீகிரியா தந்த கொடைகள் இரண்டு. ஒன்று பாறை. மற்றது எங்கள் ஹோட்டலின் பாலியல் நோய்த் தடுப்புக் கொள்கை. பாறையின் பெருமையைச் சொல்ல வழிகாட்டிகள் நூறு பேர் இருக்கிறார்கள். கொள்கையின் பெருமையைச் சொல்ல, அதை எழுதிய மனிதவள அதிகாரி நல்லையாவாகிய நான் ஒருவனே.

சென்ற வருடம் ஹோட்டல் முதலாளிகள் சங்கம் ஒரு போட்டி வைத்தது. எந்த ஹோட்டலின் ஊழியரிடையே பாலியல் நோய் ஒன்றுகூடப் பதிவாகவில்லையோ, அதற்கு 'நோயற்ற ஹோட்டல்' கேடயம். கேடயம் உள்ள இடத்துக்குத்தான் சுற்றுலாக் கம்பனிகள் வெள்ளைக்காரரை அனுப்புமாம். எங்கள் பொது முகாமையாளர் மகேந்திரராஜா அன்றே விழிப்புணர்வில் இறங்கினார். 'அச்சம் வேண்டாம், பரிசோதித்துக்கொள்ளுங்கள், இரகசியம் காக்கப்படும்' என்று சுவரெல்லாம் ஒட்டினோம். அறைகளில் ஆணுறை வைத்தால் என்ன என்று வரவேற்பில் இருக்கும் ஜெஸ்லா கேட்டாள்.

"இங்க சனங்க வாறது கலாசாரம் பாக்க," என்று மகேந்திரராஜா அந்தப் பேச்சை முடித்துவைத்தார். சுவரொட்டி மலிவும்கூட.

நூற்றிருபது ஊழியரில் சுவரொட்டியை நம்பியவன் ஒருவன்தான். அறைகளைச் சுத்தம் செய்யும் தனுஜன், அலுவிகாரைக்காரன். உள்ளங்கையில் சிவப்புத் தடிப்புகளைக் கண்டதும் மாத்தளைக் கிளினிக்குக்குப் போனான். சிபிலிஸ் என்றார்கள், ஊசி போட்டார்கள், குணமாகிவிட்டது. அதோடு விட்டானா? லீவுக் கடிதத்தில் காரணத்தை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தான்.

அவனுடைய இரகசியத்தைக் காப்பது எப்படி என்று ஆராய அவசரக் கூட்டம் கூட்டினேன். நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். இரகசியமாகையால் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. 'இரண்டாம் மாடி கூட்டும் உயரமான ஆள்' என்றே குறிப்பிட்டோம். தேநீர் கொண்டுவந்தவனும் அவன்தான். அது ஏற்பாட்டில் நேர்ந்த சிறு குறை.

"சேர், எனக்குச் சுகமாயிருச்சுங்க. டொக்டர் எழுதிக் குடுத்த துண்டு இருக்கு," என்றான் தட்டைக் கீழே வைத்துவிட்டு.

"அந்தத் துண்டுதான்யா பிரச்சினை. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டியே," என்றார் மகேந்திரராஜா. "மத்த நூத்திப் பத்தொம்பது பேருகிட்டயும் துண்டு இல்லையே!"

"அப்ப சோதிக்காதவங்களுக்கு வியாதி இல்லீங்களா சேர்?" என்றாள் ஜெஸ்லா.

"பதிவு இல்ல," என்று நான் திருத்தினேன்.

தனுஜன் என் பக்கம் திரும்பினான். "வேலை போச்சுன்னா வீட்டுல நாலு பேரு பட்டினிங்க. நீங்க ஒட்டுன போஸ்டரத்தானே சேர் நம்பிப் போனேன்?"

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆகவே ஜன்னலைப் பார்த்தபடி தீர்மானத்தை வாசித்தேன்: "நோய் கண்டறியப்பட்டவர் சேவையில் நீடிக்கலாகாது. கண்டறியப்படாதவர் நீடிக்கலாம்."

ஏகமனதாக நிறைவேறியது. தனுஜன் காலிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு போனான். மறுநாள் வரவில்லை.

கொள்கையின் வெற்றியைச் சொல்ல வேண்டுமா? அன்றிலிருந்து எங்கள் ஊழியரில் ஒருவர்கூடக் கிளினிக் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கேடயம் எங்களுக்கே கிடைத்தது. கொள்கையை எழுதியவன் என்று எனக்கும் சிறியதாக ஒன்று தந்தார்கள். வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறேன்.

போன மாதம் என் உள்ளங்கையிலும் சிவப்புத் தடிப்புகள் வந்தன. ஊசி போட்டால் தீரும் என்று தனுஜனின் கடிதத்தில் படித்திருக்கிறேன். ஆனால் ஊசி போட்டால் துண்டு தருவார்கள். துண்டு வந்தால் என் கொள்கைப்படி நான் நீடிக்கலாகாது. ஆகவே போகவில்லை.

மனைவி சிவதர்ஷினிக்கு இது ஐந்தாம் மாதம். நேற்று மருத்துவமாது வீடு தேடி வந்தார்.

"இவங்களுக்கு இன்னும் சிபிலிஸ் இருக்கான்னு ரத்தம் சோதிக்கலையே. புள்ளைக்கு நல்லதில்லைங்க. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க," என்றார்.

"எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் கெடையாதுங்க மிஸ்," என்று சொல்லி, உள்ளங்கை தெரியாதபடி கையை மடக்கிக்கொண்டு, சுவரில் இருந்த கேடயத்தைக் காட்டினேன்.